அடுப்படிக்குள் விடாத பிள்ளை

இதை எழுத இத்தனை வருடம் கூசினேன், அல்லாஹ் அறிவான்.

தாய் தகப்பனில்லாத எத்தீம் பெண் பிள்ளை ஒருத்தியை மண்டபம் ஊரில் எங்கள் வீட்டில் வளர்த்தோம். 'எத்தீம் பிள்ளைய வேலை வாங்குறாக' என்று தெரு பேசிவிடக் கூடாதென்று அவளை அடுப்படிக்குள் விடவேயில்லை. எங்கள் மகளுக்கு மட்டும் என் மனைவி சமையல் பழக்கினாள்.

வளர்ந்ததும் மதுரையில் தையல் வேலை கிடைத்து, தனி அறையில் தங்கினாள். நான் பார்க்கப் போனபோது தேநீரில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள்.

"ஏம்மா, சோறு ஆக்கலையா?"

"ஒல வைக்கவே தெரியாது வாப்பா. நேத்து ஆக்குனதப் பூனைகூட மோந்துட்டுப் போயிருச்சு" என்று சிரித்தவள், பிறகு சொன்னாள்: "தங்கச்சிக்கு மட்டும் சொல்லிக் குடுத்தீக. நான் வீட்டுப் பிள்ளை இல்லேன்னு நெனச்சுக்கிட்டேன்."

என்னால் தலை நிமிர முடியவில்லை.

எத்தீம் பிள்ளை வளர்ப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்.