சிறுவாணியைத் தேரிக்குத் தூக்கிக்கொண்டு போனது

அறுபது வயதில் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், கோயமுத்தூரின் மார்கழிக் குளிர் என் முழங்காலுக்கு ஆகவில்லை. ஏலத்தில் எடுத்த பழைய பஞ்சு வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்து, நானும் என் சம்சாரமும் திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரிக்குக் கிளம்பினோம். தை முடியும்வரை அங்கேயே வெயில் காய்வதாக ஏற்பாடு.

வெளியூர்த் தண்ணி என் தொண்டையில் இறங்காது என்பதில் எனக்கொரு பெருமை. இரண்டு டிரம் நிறையச் சிறுவாணித் தண்ணீரை ஏற்றினேன்.

"ஏனுங்க, அங்கயும் மனுசங்கதானுங்க இருக்காங்க" என்றாள். சிறுவாணி குடித்த நாக்கின் அருமை பற்றி அவளுக்கு நீளமாகப் பாடம் எடுத்தேன்.

தேரியில் இறங்கியதும் பாரம் தாங்காமல் பின்சக்கரங்கள் மணலில் புதைந்தன. முப்பது வருஷம் எந்திரம் பார்த்த நான் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, வண்டி இன்னும் ஆழமாகத்தான் போனது. அந்த வழியாக வந்த பனையேறி ஒருவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, "தண்ணியக் கொட்டிருங்க அண்ணாச்சி" என்றார். இரண்டு டிரம்மையும் என் கையாலேயே கவிழ்த்தேன். வண்டி மேலேறியது.

அப்புறம் அவர் காட்டிய சுனைத் தண்ணியைத்தான் குடித்தோம். இளநீர் மாதிரி இருந்தது. ஊர் திரும்பும் காலையில் அவள் அந்தச் சுனையில் ஒரு குடம் மொண்டு வந்தாள்.

வேனில் தூக்கி வைத்தவன் நான்தான்.