ஒட்டுப் போட்ட துளை

என் அண்ணனுக்கு முதன்முதலில் ரத்தம் போனது வைகாசி கருட சேவைக்கு மறுநாள். நாளை நினைவில் வைத்துக்கொள்வது என் பழக்கம். அதனால் வீட்டில் எனக்குப் ‘பஞ்சாங்கம்’ என்று பெயர். இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் ரத்தம் என்றால் மூலம்தான். நாளெல்லாம் தறியில் உட்காருகிறவர்கள், வேறென்ன நினைப்பார்கள்?

“ஒரு டாக்டரைப் பாரேன்” என்றேன்.

“உக்காந்து வேலை செய்றவனுக்கு மூலம் வராம முத்தா வரும்? போடா பஞ்சாங்கம்.”

அண்ணி அன்றே மூலத்துக்கென்று துத்திக்கீரை வதக்கினார். அடுத்த கருட சேவை வரை வதக்கிக்கொண்டே இருந்தார்.

அண்ணனுக்கு அட்டை அடிக்கும் வேலை. புடவையில் வரவேண்டிய கொடியையும் மயிலையும் கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுப்பார்கள். அதைப் பார்த்து அவர் அட்டைகளில் துளை போடுவார். தறியின் மேல் அந்த அட்டைகள் ஏறியதும், துளை உள்ள இடத்தில், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை எழும்பும். இல்லாத இடத்தில் கிடக்கும். தவறிப்போய் ஒரு துளை விழுந்துவிட்டால் அதன்மேல் தாளை ஒட்டி அடைப்பார். அதன் பிறகு அந்த இழை எழும்பாது.

அதன் பிறகு அண்ணனைச் சென்னையில் டாக்டரிடம் காட்டியபோது பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரல் வரை போயிருந்தது. “பீடி கூடத் தொட்டதில்ல சார். எனக்கு எப்படி?” என்று கேட்டார். டாக்டர் ஜீன் என்று ஏதோ சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் என் பக்கம் சாய்ந்தார். “இன்னாடா அது ஜீனு? லைப்ரரியே கதின்னு கெடக்கறியே, சொல்லு.”

படித்ததை அவர் தொழிலில் வைத்துச் சொன்னேன். “ஒடம்புல எல்லா செல்லுக்குள்ளயும் ஒரே பாவுதான். எங்க எந்த இழை எழும்பணும், எது கெடக்கணும்ங்கறதுதான் வேற வேற. அதுலதான் கண்ணு கண்ணாவது, குடல் குடலாவது. குடல்ல செல்லு தெனமும் புதுசா பெருகும். போதும், நிறுத்துன்னு சொல்ற ஜீனுங்க, உன் அட்டைத் துளை மாதிரி, இருக்குது. அதுல சிலது கிழிஞ்சிடும். சிலது கிழியாமலே ஒட்டு விழுந்து மூடிக்கும். அப்புறம் நிறுத்த ஆளில்லாம பெருகிக்கினே இருக்கும்.”

அவர் பிடித்துக்கொண்டது ஒன்றை மட்டும். “கிழியல இல்ல? ஒட்டுதானே? பிரிச்சுட்டா போச்சு!”

சிலது கிழிந்திருக்கும் என்று மறுபடி சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, நல்ல காற்று என்றார். வீட்டுக்குப் போனதும் அண்ணியிடம் அதைத்தான் சொன்னார். தெருவில் விசாரித்தவர்களிடமும் சொன்னார். ஊசி மருந்து ஏற்றி, வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சியும் இறங்காத நாட்களில்கூட, “ஒட்டுதான்பா, பிரிச்சிடுவாங்க” என்றார்.

அடுத்த முறை டாக்டரிடம் அவரே கேட்டார். “ஒட்டைப் பிரிக்க மருந்து இல்லீங்களா சார்?”

டாக்டருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். அவர் முதலில் சிரித்தார். அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “ஆராய்ச்சி நடக்குது. ஆனா வேண்டிய எடத்துல மட்டும் பிரிக்க இன்னும் தெரியல. எல்லாத்தையும் பிரிச்சா, மூடியே இருக்கவேண்டியதும் திறந்துக்கும்.”

அண்ணன், “ஆமாங்க. எல்லா ஒட்டையும் பிரிச்சா புடவையே பாழு” என்றார். வாழ்நாளெல்லாம் ஒட்டுப் போட்டவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். “இன்னா சொன்னாரு? மருந்து இருக்குதாமா?”

“இருக்குதாம். வரணுமாம்” என்றார் அண்ணன், செருப்பைக் கழற்றியபடி. என்னைப் பார்க்கவில்லை. நான் மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

ஐப்பசியில், மழை விடாத ஒரு சனிக்கிழமை, அவர் போனார்.

அடுத்த வைகாசியில் கருட சேவைக்குக் கூட்டிப்போக அண்ணியைக் கூப்பிட்டேன். வரவில்லை என்றார். கூடத்தில் உட்கார்ந்து நான் பேப்பரைப் பிரித்தபோது அடுப்பங்கரையிலிருந்து கேட்டார்.

“அந்த மருந்து வந்துடுச்சுன்னு எதுனா போட்டுக்கிறானா தம்பி?”

“இல்ல அண்ணி.”

“வந்தா சொல்லு.”