தோல் பட்டறைக்காரரின் கட்சி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் பம்பாயின் மாஹிம் ஸ்டேஷனில் அவர் என்னோடு ரயிலேறுவார். தாராவியில் தோல் பதனிடும் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலி முஸ்லிம். நரைத்த தாடி. பேசும்போது நம் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

"லைசென்சு, இன்ஸ்பெக்டர், லேபர் சட்டம் எல்லாத்தையும் எடுத்துட்டா தொழில் தானா வளரும் சார்" என்பார். சட்டம் வேண்டும் என்று நான் மறுப்பேன்.

ஒருமுறை சில நாள் அவர் வரவில்லை. பட்டறையில் தோல் ஊறும் தொட்டியைக் கழுவ இறங்கிய அவர் தம்பி விஷவாயுவில் இறந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

திரும்பி வந்ததும் அவரே ஆரம்பித்தார். "போன மாசம்தான் இன்ஸ்பெக்டர் வந்து எல்லாம் சரின்னுட்டுப் போனான். உங்க சட்டம் என்ன செஞ்சுது?"

"தொட்டிக்குள்ள ஆளை இறக்காதேன்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?" என்றேன்.

பிடித்திருந்த என் மணிக்கட்டை விட்டார்.

"கேட்டிருக்க மாட்டேன்" என்றார். "ஆனாலும் அவன் என்னை விட்டிருக்கக் கூடாது சார்."

அவன் என்றது இன்ஸ்பெக்டரையா, தம்பியையா? அன்று அவர் கட்சி மாறினாரா, தம்பிக்காக அழுதாரா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.