இஞ்சி உறையும் எட்டு பாட்டில்களும்

என் கணவருக்கு வாயுத் தொல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் கடைத்தெருவில் நின்று ஒரு கோலி சோடா குடித்து, ஏப்பம் விட்ட பிறகுதான் வீட்டுக்கு வருவார். அறுபதுகளின் தொடக்கம் அது. சிவகாசியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். பக்கத்து வீட்டில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் குடியிருந்தார். அவர்தான் ஒருநாள், "தெனம் சோடா எதுக்கு டீச்சர்? வீட்டுலயே இஞ்சி ஊறல் போட்டுருங்க" என்றார்.

மதுவிலக்குக் காலம். ஊறல் என்றால் எங்கள் பக்கத்தில் சாராய ஊறல்தான். என் கணவரோ மதுவைத் தொடுவதில்லை என்று சபையார் முன்னிலையில் கையெழுத்துப் போட்டவர். "அந்த வார்த்தை இந்த வீட்டுல வேண்டாம்" என்றார். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தானே, உறை என்றே சொல்வோம் என்று முடிவானது.

தோல் சீவாத இஞ்சியைப் பொடியாக நறுக்கி, சீனியும் கொதித்து ஆறிய தண்ணீரும் சேர்த்து, ஊறுகாய் ஜாடியில் ஊற்றித் துணியால் வாயைக் கட்டினேன். தினமும் காலையில் ஒரு கரண்டி இஞ்சி, ஒரு கரண்டி சீனி போட்டுக் கிளற வேண்டும். மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் ஜெபம் முடிந்ததும் கணவர் ஜாடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பேசுது" என்றார். ஐந்தாம் நாள் நுரை கட்டியது. இஞ்சி கொதித்த தண்ணீரை ஆறவைத்து, சீனியும் எலுமிச்சைச் சாறும் கலந்து, அதில் ஒரு தம்ளர் உறையை வடித்து ஊற்றி, இரண்டு பாட்டில்களில் அடைத்தோம். மறுநாள் திறந்தால் சோடாவைவிடச் சீறியது. அந்த வாரம் முழுக்க அவர் கடைக்குப் போகவில்லை. உடம்புக்கு என்ன என்று சோடாக்காரர் ஆள் அனுப்பி விசாரித்தார்.

மே மாத விடுமுறையில் எங்களுக்குத் துணிச்சல் கூடிவிட்டது. எட்டு டானிக் பாட்டில்களில் வாய்வரை நிறைத்து, தக்கை அடைத்து, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பின்கட்டில் வரிசையாக வைத்தோம். இரண்டாம் நாள் உச்சி வெயிலில் முதல் பாட்டில் வெடித்தது.

சிவகாசியில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் யாரும் என்னவென்று கேட்க மாட்டார்கள். வெளியே வந்து புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். தெருவே வாசலில் நின்று வானத்தைப் பார்த்தது. எதிர்வீட்டுப் பெண்ணின் கணவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அந்தப் பெண் புகையைப் பார்க்க நிற்கவில்லை. செருப்புகூடப் போடாமல் கம்பெனி இருக்கும் திசையில் ஓடிவிட்டார்.

இரண்டாவது பாட்டில் வெடித்தபோது எல்லாரும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். நர்ஸ் உள்ளே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "ஒண்ணுமில்ல, பயப்படாதீக! நம்ம சாரு வீட்டு ஊறல்தான் வெடிச்சிருச்சு!"

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அரைமணி கழித்து போர்மேன் சைக்கிளில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து அழைத்து வந்தார். அந்தப் பெண்ணின் கால் கொப்பளித்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள் போனார். நாங்கள் இருவரும் போர்மேனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"எம்புட்டு நெறச்சீக?"

"வாய் வரைக்கும்" என்றார் என் கணவர்.

"இன்னும் எத்தன இருக்கு?"

"ஆறு."

எங்களைத் தெருவில் நிறுத்திவிட்டு, நனைத்த சாக்கோடு அவர் மட்டும் உள்ளே போனார். ஆறு முறை 'டப்' என்று கேட்டது. சட்டையெல்லாம் நனைந்து வெளியே வந்தவர், "வாய்க்குக் கீழ நாலு விரக்கடை எடம் விடணும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வைக்கக் கூடாது. ஈரச் சாக்கப் போட்டு மூடி வைங்க" என்றார். பிறகு, "ருசி நல்லாத்தான் இருக்கு" என்றும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு மாலை போதகர் வந்தார். செய்தி கோயில்வரை போயிருந்தது. போர்மேன் சொன்னபடி இடம் விட்டுப் புதிதாக அடைத்ததில் ஒரு தம்ளர் கொடுத்தேன். குடித்தார். இன்னொரு தம்ளர் கேட்டார். அதற்கப்புறம் நீண்ட ஜெபம் செய்துவிட்டுப் போனார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று என் கணவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

எதிர்வீட்டுப் பெண் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஆடிக் காற்று தொடங்கிய பிறகு ஒருநாள் கையில் சொம்போடு வந்து நின்றார். முழுகாமல் இருந்தார். வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, எல்லாம் வாந்தியாக வருகிறது, இஞ்சித் தண்ணீர் கேட்கும்படி நர்ஸ் சொன்னாராம். உட்காரவைத்து ஊற்றிக் கொடுத்தேன். மெல்லக் குடித்தார்.

"அன்னைக்கு உங்கள ஓட வச்சிட்டேன்" என்றேன்.

"ஓடும்போது என்ன நெனச்சேன் தெரியுமா டீச்சர்? காலைல அவுகளுக்கு உப்பில்லாத சோத்தக் குடுத்து விட்டுட்டமேன்னுதான். வேற ஒண்ணுமே தோணல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. சொம்பை வாங்கி நிறைத்துக் கொடுத்தேன்.