அம்மாவின் வலப்பக்கம்

எங்கள் அம்மா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. அம்மாவிடம் பேச வேண்டுமானால் வலப்பக்கம் போய் உட்கார வேண்டும் என்பது இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர் எல்லாருக்கும் தெரியும். ஏன் என்பது பலருக்குத் தெரியாது. மூத்த மகளாகிய நான்தான் அதை எழுத வேண்டும் என்று தம்பிமார் சொல்லிவிட்டார்கள்.

அம்மா பிறந்தது பாறசாலைப் பக்கம், கொல்லயில் என்ற ஊரில். ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனை, சந்தையில் மலையாளம், வீட்டில் இரண்டும். எந்த மொழியில் பேசுகிறோம் என்ற நினைவே இல்லாமல் வளர்ந்தவர்கள். அப்பாவைக் கட்டிக்கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். அங்கே ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் அப்பா கிராணி, அதாவது எழுத்தர்.

அந்த வருடங்களில்தான் ஊரில் எல்லைப் போராட்டம் மூண்டது. மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டுமென்று கூட்டமும் ஊர்வலமுமாக இருக்கிறது என்று சித்தப்பா கடிதம் எழுதுவார். அப்பா அதை நாலு தரம் படிப்பார். கடல் கடந்து கிடக்கிறோமே, ஊர்வலத்தில் நடக்க முடியவில்லையே என்ற ஆற்றாமை அவருக்கு. ஆகவே போராட்டத்தை வீட்டுக்குள் நடத்தினார். யார் வாயிலாவது ஒரு மலையாளச் சொல் வந்துவிட்டால், அவர் கை சோற்றிலேயே நின்றுவிடும்.

அப்போது அம்மாவுக்குக் காசநோய் கண்டது. அரை நாள் ரயில் தூரத்து ஆஸ்பத்திரியில் பல மாதம் இருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு எட்டு வயது. கிளம்பும்போது அப்பா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "எட்டி, அங்க மலையாளத்தி நர்ஸுமாரு உண்டு. உனக்கு மலையாளம் அறியாதுண்ணு சொல்லணும். நம்ம தமிழராக்கும்." அம்மா தலையாட்டினார்கள். ஆஸ்பத்திரித் தாளிலும் 'தமிழ் மட்டும்' என்று அப்பா தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

அந்த வார்டில் சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களும்தான். தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. முதல் நாளே ஒரு நர்ஸ் தாளில் ஊரைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "பாறசாலக்காரியாணோ? ஞான் திருவல்லக்காரியா" என்று தன் ஊரையும் மலையாளத்தில் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாராம். அம்மா ஒன்றும் புரியாதவர்போல விழித்தார்கள். அவர் இரண்டு மூன்று நாள் முயன்று பார்த்துவிட்டு, பிறகு வந்த வேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். அதோடு அம்மாவுக்குப் பேச ஆளில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு அப்பா என்னைக் கூட்டிப்போவார். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். நான் புல்வெளியில் நின்று ஜன்னலைப் பார்ப்பேன். அம்மா கையசைப்பார்கள். அசைத்து முடித்த பிறகும் கை கீழே இறங்காது. எழுபதைக் கடந்த இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது.

நோய்க்கு ஊசி போட்டார்கள். மூன்றாம் மாதம் காதில் இரைச்சல் தொடங்கியது, தலை சுற்றியது. மருந்தால் வரும் கெடுதல் அது என்று அம்மா அறியவில்லை. டாக்டர் இங்கிலீஷில் ஏதோ கேட்பார். அம்மா "குட்" என்பார்கள். அந்தத் திருவல்லாக்கார நர்ஸ் பக்கத்தில்தான் நிற்பார். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பாவுக்குத் தலையாட்டியதை நினைத்தும், இத்தனை நாள் நடித்த வெட்கத்திலும் அம்மா வாய் திறக்கவில்லை.

ஒருநாள் காலையில் குளியலறை வாசலில் விழுந்தார்கள். தூக்க வந்த அந்தத் திருவல்லா நர்ஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "சேச்சி, எனிக்கு செவி கேக்குந்நில்ல" என்று, அக்காவைக் கூப்பிடுவதுபோல மலையாளத்தில் அழுதார்களாம். சேச்சி, இத்தனை நாள் ஏன் நடித்தாய் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை, டாக்டரிடம் ஓடினார். அன்றே மருந்தை மாற்றினார்கள். வலது காது தப்பியது. இடது காது போனது போனதுதான்.

குணமாகி வந்த அம்மாவிடம் அப்பா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாநில எல்லை போட்டபோது அம்மாவின் ஊரான கொல்லயில் கேரளத்தில் நின்றது. சித்தப்பாவின் அந்தக் கடிதத்தை அவர் ஒரு தரம்தான் படித்தார்.

ஊருக்குத் திரும்பி வெகுகாலம் கழித்து, ஒரு மத்தியானம் அம்மா காய்ச்சலில் படுத்திருந்தார்கள். அப்பா கட்டிலின் இடப்பக்கம் வந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "எனக்க வீம்பு உனக்க காதத் தின்னுட்டு. நீ பொறுக்கணும்." கதவருகே நின்ற எனக்கு உடம்பு கொதித்தது. மன்னிப்புக் கேட்கவும் கேளாத காதைத் தேடிப் பிடித்தாரே மனுஷன். அவர் மறைந்த பிறகும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

அம்மாவின் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும், சபையாருக்கும், அலுக்காமல் வலப்பக்கம் உட்கார்ந்து பேசிய அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ, அந்தத் திருவல்லாச் சேச்சிக்கு எங்கள் தலை தாழ்ந்த நன்றி.

அப்பாவையும் இதில் சேர்ப்பதா என்று எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. கடைசி வாரம், அம்மாவின் வலது காதருகே குனிந்து, அன்று அப்பா சொன்னதைச் சொன்னேன். அம்மா சிரித்தார்கள்.

"நான் கேக்கல்ல மக்கா. ஆனா அவிய ஒருநாளும் எனக்க எடப்பக்கம் இருந்ததில்ல. அண்ணைக்குத்தான் இருந்தாவ. எனக்கு மனசிலாச்சு."

ஆகவே, அப்பாவுக்கும் நன்றி.