பிலோமினாவின் சோதனை நோட்டு

செவ்வாய்க்கிழமை காலை பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது பிலோமினாவின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார். நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அவ்ளோதான்." மீனை வாங்காமலே உப்பளத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் எங்கள் பிளாஸ்டிக் கம்பெனி லேபில் அவரோடு வேலை பார்த்தவர்கள். நான் போடும் காபியைக் "கெமிக்கல் வேஸ்ட்" என்று அவர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

லேபில் ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. எந்தச் சோதனை முடிந்தாலும் நோட்டில் 'எதிர்பார்த்தபடியே வந்தது' என்று எழுதிவிடுவோம். முதலாளிக்கு அதுதான் பிடிக்கும். பிலோமினா மட்டும் நடந்ததை எழுதுவார். மீன் கட்டும் பைக்காக இரண்டு பாலிமர்களைக் கலந்திருந்தோம். பை சீக்கிரம் மட்கட்டும் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன். பலம் குறையும் என்றுதான் இருவரும் நினைத்தோம், கூடிவிட்டது. நான் என் நோட்டில் வழக்கமான வரியை எழுதினேன். அவர், 'குறையும் என்று நினைத்தோம். கூடியிருக்கிறது. காரணம் தெரியவில்லை' என்று எழுதினார்.

"தெரியலன்னு எழுதவா உனக்குச் சம்பளம்?" என்று முதலாளி எல்லோர் முன்னும் கத்தினார்.

"தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுத எனக்கு வராது சார்," என்றார் பிலோமினா. அந்த வருடம் அவருக்குப் பதவி உயர்வு இல்லை.

அந்தக் கலவைக்குக் காப்புரிமை கேட்டோம். மூன்று பொருளும் ஏற்கெனவே தெரிந்தவை, துறையில் இருக்கும் எவருக்கும் இப்படிக் கலக்கத் தோன்றும் என்று காப்புரிமை அலுவலகத்தில் நிராகரித்துவிட்டார்கள். என் ஏழு வருட உழைப்பு அது. சென்னையில் மேல்முறையீடு செய்தோம். வக்கீல் என் நோட்டைப் புரட்டிவிட்டுத் தலையில் கைவைத்தார். "எதிர்பார்த்ததுதான்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்களே! அப்புறம் அவங்க சொன்னதுல என்ன தப்பு?"

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. இரண்டு நோட்டுகளையும் தாக்கல் செய்தோம். என்னுடையதில் எல்லாப் பக்கத்திலும் ஒரே வரி என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. துறையில் இருப்பவர்களே எதிர்பார்க்காத பலன் இது என்பதற்குச் சாட்சியாகப் பிலோமினாவின் நோட்டை நம்பினார்கள். நிராகரிப்பு ரத்தானது, காப்புரிமையும் கிடைத்தது.

சான்றிதழில் கண்டுபிடித்தவர்களாக முதலாளி பெயரும் என் பெயரும் இருந்தன. ஸ்வீட் பாக்கெட்டோடு அதையும் எடுத்துக்கொண்டு பிலோமினா வீட்டுக்குப் போனேன். கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். "ஃபிரேம் போட்டு மாட்டுங்க சார். கரையான் அரிச்சிடப் போவுது," என்றார்.

வழக்கு நடந்தபோதே அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லியிருக்கலாம். முதலாளிக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. அவரிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. அவருடையது என்று என்னிடம் இன்றும் இருப்பது, அந்தச் சான்றிதழில் அவருக்குச் சேர வேண்டிய இடம்தான்.