இலையில் இருந்த வெள்ளைப் புள்ளி

இலுப்பூர் கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவில் சுமையாவுக்குக் கல்யாண ஆல்பம் செய்யும் வேலை. மாநிறப் பெண்களையெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவராக்கிக் கொடுத்தால்தான் வீட்டாருக்குத் திருப்தி. நாள் முழுக்க முகங்களை வெளுத்து வெளுத்து அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பழைய கேமரா ஒன்றையும் நீள லென்ஸையும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கண்மாய்ப் பக்கம் போக ஆரம்பித்தது அதனால்தான்.

முதலில் எடுத்த கொக்குகளைப் பார்த்து அவளே முகம் சுளித்தாள். இறகு ஒன்றும் தெரியாமல், கிழித்துப் போட்ட வெள்ளைத் துணி மாதிரி இருந்தன. அவள் சேர்ந்திருந்த புதுக்கோட்டைப் பறவைப்படக் குழுவில் இருந்த ஆவூர் வாத்தியார் சவரியப்பன்தான் காரணம் சொன்னார்.

"சுத்தியும் கருந்தண்ணி. அதப் பாத்துட்டு கேமரா, இருட்டா இருக்குன்னு ஏமாந்துருது. கொக்குன்னா எக்ஸ்போஷரக் கொறச்சு வச்சு எடுங்க. வெந்துபோன வெள்ளைய எந்த சாஃப்ட்வேராலயும் மீட்க முடியாது."

குறைத்தாள். இறகின் மடிப்பெல்லாம் வந்தது. எடிட்டிங்கில்தான் கை அடங்கவில்லை. மீன்கொத்திக்கு அவள் ஏற்றிய நீலம் பிளாஸ்டிக் வாளி மாதிரி பளீரென்றது. மணப்பெண்ணுக்குச் செய்கிற அதே அக்கிரமத்தைப் பறவைக்கும் செய்துவிட்டோம் என்று பட, அதை அழித்தாள். அதற்குப் பிறகு, கண்ணால் பார்த்த வெளிச்சத்தைத் தாண்டி எதையும் ஏற்றுவதில்லை.

குழுவை நடத்தியவர் நாகராஜன். போன சித்திரையில் ஒரு பென்டிரைவோடு அவரே ஸ்டுடியோவுக்கு வந்தார். குடுமியான்மலைப் பக்கம் தன் தோப்பில் எடுத்த படம் என்றார். தையல்சிட்டுக் கூடு. இலைகளை நாரால் தைத்து உள்ளே கூட்டை ஒளித்து வைக்கும் குருவி அது. ஆனால் படத்தில் கூடு விரியத் திறந்து கிடந்தது. நேர் வெயிலில் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"தாய்க்காகக் காத்திருக்கும் பிஞ்சுகள்னு பேரு வச்சிருக்கேன். கண்காட்சிக்கும்மா. இலையில ஒரு வெள்ளப் புள்ளி பளபளங்குது பாரு, அத மட்டும் எடுத்துரு."

பனித்துளியாக இருக்கும் என்று நினைத்து சுமையா வெளிச்சத்தை இறக்கினாள். புள்ளி சுருங்கி ஒரு கோடாகி, கோட்டின் இரு முனைகளும் இலைக்குள் மடங்கின. ஸ்டேப்ளர் பின். கூட்டின் வாயைக் கிழித்து, இலையை ஓரமாக மடக்கி, பின் அடித்திருந்தது. நிழல் பகுதியை வெளிச்சமாக்கியதும் மேலே நிழல் தந்திருந்த இலைகளின் காம்புகளும் தெரிந்தன. கத்தரியால் நறுக்கிய காம்புகள். குஞ்சுகள் வாய் பிளந்தது பசியில் இல்லை, வெக்கையில்.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இது என்னங்க சார்?"

"அட, எல்லாரும் செய்யிறதுதான். உள்ள இருக்கிறது தெரிய வேணாமா?"

"குஞ்சுக இப்ப எப்படி இருக்கு?"

"நான் என்ன காவலா கெடக்குறேன்? நீ புள்ளிய எடும்மா."

"எடுக்க மாட்டேன். இதத் தொட்டா என் கையே நாறும். எடுத்துட்டுப் போயிருங்க."

மறுநாள் காலை சவரியப்பனோடு அந்தத் தோப்புக்குப் போனாள். இலை சருகாகச் சுருண்டிருந்தது. பின் மட்டும் கழலவில்லை. உள்ளே எட்டிப் பார்த்த சவரியப்பன் "பாக்காதீங்க" என்றார். அதற்குள் பார்த்துவிட்டாள். குஞ்சுகள் எறும்பு மொய்த்துக் கிடந்தன. பக்கத்துக் கிளையில் தாய்க்குருவி கத்தி ஓயவில்லை. சுமையா வேலியோரம் போய் வாந்தியெடுத்தாள்.

கூட்டைப் படம் எடுத்து, நடந்ததையும் எழுதிக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டாள். ஒருவர், "ஒரு குருவிக்காகப் பெரியவர அவமானப்படுத்தணுமா?" என்று எழுதினார். அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள். நாகராஜன் அவளைக் குழுவிலிருந்து நீக்கினார். சவரியப்பன் தானாகவே வெளியேறினார்.

கண்காட்சியில் அந்தப் படத்துக்கே முதல் பரிசு. பார்க்காமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள், கால் கேட்கவில்லை. புள்ளியை வேறு யாரோ அழித்திருந்தார்கள். அழித்த இடத்தில் இலை நரம்பு அறுந்து மெழுகு போல இருந்தது. முன்னால் ஒரு அம்மா, "எவ்ளோ தத்ரூபம்" என்று பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். நாகராஜன் கையில் கேடயத்தோடு சுமையாவைப் பார்த்துச் சிரித்தார்.

"டீ சாப்பிட்டுப் போம்மா."

"ஒங்க கையாலயா?" என்றாள், அங்கிருந்தவர்கள் காதில் விழும்படி. "அந்த எலையில பின் அடிச்ச கை சார் அது."

நாலைந்து பேர் திரும்பிப் படத்தைப் பார்த்தார்கள். நாகராஜனின் சிரிப்பு நின்றது. சுமையா பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.